முற்றுப்புள்ளியிலிருந்து முற்றுப்புள்ளி வரை

காலை ஒன்பது இருபது. முதலில் கண்ணில் பட்டவை விரல்கள். ஒன்பதாம் வகுப்பில் எல்லாருடைய ஆள்காட்டி விரலும் தாளின் மேல் மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருந்தது. யாருடைய உதடும் அசையவில்லை. கண்கள் வரியோடு ஓடவில்லை. அரிசியில் கல் பொறுக்குவது போலிருந்தது. ஒரு விரல் நின்றது. அந்தப் பையன் உடனே பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தான். பிறகு அடுத்த விரல் நின்றது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது அந்தத் தனியார் பள்ளி. திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் பல வருடம் செய்தி திருத்திவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். வாரத்தில் இரண்டு வகுப்பு, உரைப்பத்தியைப் படித்து விடை எழுதும் பயிற்சி கொடுக்க முடியுமா என்று தாளாளர் கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

அன்று விரல்கள் என்ன தேடுகின்றன என்று தமிழம்மாவிடம் கேட்டேன். பிள்ளைகள் அவரை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"கேள்வியில பெரிய சொல்லா பாத்து ஒரு கோடு போடணும் சார். அதே சொல்ல பத்தியில தேடணும். கிடைச்சா, முந்தின புள்ளியிலருந்து அடுத்த புள்ளி வரைக்கும் அப்படியே எழுதிரணும். அவ்வளவுதான்."

"பத்தியைப் படிக்க வேண்டாமா?"

"படிச்சா நேரம் போயிரும்லா."

சொல்வளத்துக்கும் இதே கதிதான். பொருள் பட்டியலை மனப்பாடம் செய்திருந்தார்கள். நல்குரவு என்றால் என்ன என்று வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"வறுமை சார்."

"வறுமைன்னா?"

"நல்குரவு சார்."

பின்பெஞ்சில் ஒருவன் சிரித்தான். சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து இவன் ஏன் சிரிக்கிறான் என்று மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பத்தியைப் படிக்கிற பிள்ளை அந்த வகுப்பில் ஒருத்திதான் இருந்தாள். குத்துக்கல்வலசைப் பெண். அவள் அம்மாவுக்குக் குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. பயிற்சி நூலில் குற்றாலத்தைப் பற்றி ஒரு பத்தி உண்டு. 'குற்றால அருவிகளில் ஆண்டு முழுவதும் நீர் ஆர்ப்பரித்துக் கொட்டும்' என்று அதில் ஒரு வரி. அருவிகளில் எப்போது நீர் கொட்டும் என்பது கேள்வி. வகுப்பே அந்த வரியைப் பெயர்த்து எழுதியது. அருவிக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளைகள். சித்திரையில் அங்கே போய் வெறும் பாறையைப் பார்த்தவர்கள். அந்தப் பெண் மட்டும், 'ஆனி முதல் ஆவணி வரை கொட்டும். மழை பெய்தால் ஐப்பசி, கார்த்திகையிலும் கொட்டும். பத்தியில் தவறாக உள்ளது' என்று எழுதியிருந்தாள். தமிழம்மா பூஜ்யம் போட்டிருந்தார்.

"பொய்யி சார் அது," என்றாள் என்னிடம். "வருசம் பூரா தண்ணி விழுந்தா எங்க கடைய எதுக்குப் பூட்டிப் போடுதோம்?"

"ஏட்டி, புஸ்தகத்துல இருக்கத எழுதாம ஒங்க கடைக் கதைய எழுதுனா மார்க்கு போடுவாவளா?" என்றாள் முதல் மதிப்பெண்காரி. கேலிதான். ஆனால் அறிவுரையாகவும் சொன்னாள்.

இப்படி அவள் வாங்கும் பூஜ்யங்கள் சின்ன விஷயம் அல்ல. அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி ஆண்டுதோறும் நூறு சதவீதம். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு முடியும்போது, தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளுக்கு 'பாஸ்' போட்டு, டி.சி.யைக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். பெற்றோரே கேட்டு வாங்கியதாகக் கணக்கு. சபரிமலைக் கூட்டம் குற்றாலத்தில் நிறைந்திருந்த சமயம், இந்த வருடம் அனுப்ப வேண்டியவர்களில் இவளும் உண்டு என்று தாளாளர் போகிற போக்கில் சொன்னார்.

அவளை அங்கே நிறுத்திவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அந்த வகுப்பில் படிக்கத் தெரிந்தவள் அவள்தான் என்று காட்டுவது. நானே ஒரு பத்தி எழுதினேன். அதில் பாதிச் சொற்கள் தமிழிலேயே இல்லாதவை. 'துறுங்கையில் நளிகர்கள் ஆண்டுதோறும் சிவட்டையைக் கிமுக்குவார்கள். கிமுக்கிய சிவட்டை பொழுங்கியதும் அதை மெருணையில் ஞெவிப்பார்கள்.' இப்படியே போகும். நளிகர்கள் எதைக் கிமுக்குவார்கள், எதில் ஞெவிப்பார்கள் என்று கேள்விகள். கடைசியில், பொருள் எழுதுக: கிமுக்குதல்.

விரல்கள் இறங்கின, நின்றன, எழுதின. ஒருவரும் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. விடைத்தாள்களை வழக்கம்போல் தமிழம்மாவிடம் கொடுத்தேன். வழக்கம்போல் திருத்திக் கொடுத்தார். வகுப்பு முழுக்க நல்ல மதிப்பெண். 'கிமுக்குதல் – கிமுக்கும் செயல்' என்று எழுதிய முதல் மதிப்பெண்காரிக்கு முழு மதிப்பெண். குத்துக்கல்வலசைப் பெண் இரண்டே வரி எழுதியிருந்தாள்: 'இந்தப் பத்தியில் உள்ள சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. அதனால் விடை எழுத முடியவில்லை.' அதற்குக் கீழே சிவப்பு மையில் பூஜ்யம்.

விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். அவர் பத்தியை இரண்டு முறை பார்த்தார்.

"இது என்ன தமிழு சார்?"

"தமிழே இல்லை. நான் கட்டியது. இதற்கு அர்த்தம் கிடையாது."

"ஒண்ணுமே கிடையாதா?"

"கிடையாது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தமிழம்மாவைக் கூப்பிட ஆள் அனுப்பினார். "பாத்தியளா சார், அர்த்தமே இல்லாததுக்கே நம்ம பிள்ளைய இம்புட்டு மார்க்கு வாங்குதாவ. அர்த்தம் இருக்கதுக்கு கேக்கவா வேணும்?" தமிழம்மா வந்ததும் எழுந்து நின்று பாராட்டினார். அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். இதே மாதிரி இன்னும் பத்துப் பத்தி எழுதித் தர முடியுமா என்று தாளாளர் என்னிடம் கேட்டார்.

நான் அந்தப் பெண்ணின் தாளை எடுத்து மேலே வைத்தேன். "இவள் ஒருத்திதான் படித்திருக்கிறாள்."

அவர் படித்தார். "அத்தனை பேரும் எழுதும்போது இவ ஒருத்தி மட்டும் தெரியலைங்கா. பப்ளிக் எக்ஸாம்லயும் இப்படித்தான எழுதி வைப்பா? நல்லவேளை காட்டுனிய."

ஏப்ரலில் அந்தப் பெண்ணின் அம்மாவை வரச் சொன்னார்கள். அருவியில் தண்ணீர் இல்லை, கடை பூட்டிக் கிடந்தது. வெறுங்கையோடு வரக்கூடாது என்று வீட்டில் பொரித்த சிப்ஸ் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். தாளாளர் அதை அங்கேயே பிரித்தார்.

"பத்து மட்டும் இங்கன எழுதட்டும் சார்," என்றார் அம்மா. "சீசன் நேரத்துல நான் ராத்திரி வரைக்கும் கடையிலதான் கிடப்பேன். இங்கனயிருந்துன்னா பஸ் ஏறி நேரா எங்கிட்ட வந்துருவா. வேற எடத்துல சேத்தா பொம்பளப்பிள்ளை வீட்ல தனியா கிடக்கணும்."

"ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்," என்றார் தாளாளர். பேசி முடிக்கும்வரை தின்பதை நிறுத்தவில்லை. நல்ல சிப்ஸ் என்று நடுவில் சொன்னார். பல்லிடுக்கில் மஞ்சள் தெரிந்தது. எண்ணெய் விரலை மேசை விளிம்பில் தேய்த்தார். பிள்ளையைப் படிக்கத் தெரியாதவள் என்று சொல்வது தவறு என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, "படிச்சா மட்டும் போதுமா சார்?" என்றார்.

அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆகவே டி.சி. கேட்கும் விண்ணப்பத்தை, கூட வந்திருந்த மகளையே எழுதச் சொன்னார் பள்ளி எழுத்தர். அவர் சொல்லச் சொல்ல அவள் நின்றுகொண்டே எழுதினாள். 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"இது நாங்க கேட்டதில்லையே சார்."

"எல்லாரும் அப்படித்தான் எழுதுதாவ. எழுது."

"நீங்கதான போகச் சொன்னிய? அத எழுதட்டா?"

"ஏட்டி, வாய் பேசாத," என்றார் அம்மா. அந்தப் பெண் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். அழவில்லை.

தாளாளர் வாசலைப் பார்த்தார். பரீட்சை முடித்துவிட்டு முதல் மதிப்பெண்காரி அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டார்கள். புதுத் தாள் கொடுத்தார்கள். எழுத்தர் சொன்னார், அவள் எங்கும் நிறுத்தாமல் எழுதினாள். அம்மா கையெழுத்துப் போட்டார்.