குப்பையில் இருந்த நுரையீரல்

அந்த ஸ்கேன் சென்டரில் கணினிகளைக் கட்டி மேய்ப்பவருக்கு 'ரெண்டு பூட்டு' என்று பெயர். வீட்டைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போவார், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பூட்டுக்கு வாயிருந்தால் அழுதிருக்கும்.

இதே வியாதி வேலையிலும் தொற்றியிருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு, டிஸ்க் அப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துவைப்பார். பிறகு யார் எதை அழித்தாலும் எட்டு மணி நிலைக்குத் திரும்பிவிடலாம். முதலாளி டாக்டரம்மாவுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. "இருக்கற இடத்தையெல்லாம் உங்க பயமே தின்னுடுது. எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று போன வாரமே சொல்லியாயிற்று. "எடுத்துட்டேன் மேடம்" என்று இவரும் சொல்லியாயிற்று. பழையவற்றை எடுத்தது உண்மை. மறுநாளிலிருந்து தினமும் முந்தைய நாளுடையதை நீக்கிவிட்டு, எட்டு மணிக்குப் புதிதாக ஒன்று எடுத்ததும் உண்மை.

இன்று டிஸ்க் கழுத்துவரை நிரம்பிவிட்டது. மதியத்துக்குள் இடம் வேண்டும் என்றார் டாக்டரம்மா. துழாவியதில் 'குப்பை' என்றொரு ஃபோல்டர், யானை கனம். பதினோரு மணிக்கு அழித்தார். குப்பையைக் கொட்ட யாரைக் கேட்க வேண்டும்?

மூன்று மணிக்கு, ஸ்கேன் எடுக்கும் அக்கா வந்தார்.

"தம்பி, குப்பையைக் காணோமே?"

"அழிச்சாச்சுக்கா."

"அடப்பாவி! முக்கியமான கேஸெல்லாம் அதுலதானே வச்சிருக்கேன்!"

"குப்பைன்னு பேரு வச்சிருக்கீங்களே!"

"நல்ல பேரு வச்சா ஆளாளுக்கு நோண்டுறாங்க. குப்பைன்னா ஒருத்தனும் தொட மாட்டான்னு நெனச்சேன். நீ ஒருத்தன் இருக்கறதை மறந்துட்டேன்."

வெளியே பெஞ்சில் ஓர் அம்மா, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன வருடம் அவர் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. அது வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க நாலு மணிக்கு சர்ஜன் வருகிறார். வளர்ந்திருந்தால் நாளைக் காலை கத்தி, இல்லையென்றால் வீடு. போன வருடப் படம் குப்பையில் இருந்தது.

ரெண்டு பூட்டுக்கு எட்டு மணி ஸ்நாப்ஷாட் இருக்குமே என்று ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வரவில்லை. காலையில் குப்பையை அழித்தும் இடம் ஒரு துளி கூடவில்லை. அழித்ததையெல்லாம் ஸ்நாப்ஷாட் பிடித்துவைத்திருந்தது. அதையும் ஒழித்துக்கட்டத்தான் மதியம் உட்கார்ந்தார்.

ஒழித்தாரா?

உட்கார்ந்தது நினைவிருக்கிறது. டாக்டரம்மா கதவருகே நின்று "ஆச்சா?" என்றது நினைவிருக்கிறது. "ஆச்சு மேடம்" என்று தான் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனால் 'ஆச்சு' என்பது ஆகாதபோதும் அவர் சொல்கிற வார்த்தை.

விஷயத்தைக் கேட்ட அக்கா, "அந்த ஸ்நாப்ஷாட் லிஸ்டைத் திற தம்பி" என்றார்.

"இருங்கக்கா."

மவுஸைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். திறக்காதவரை அது உள்ளே இருக்கலாம். திறந்து இல்லாமல் போனால் அந்த பெஞ்சுக்குப் போய் யார் சொல்வது? மணி மூன்று இருபத்தைந்து. பொறுக்காமல் அக்காவே குனிந்து அமுக்கினார்.

ஒரே ஒரு வரி. இன்று, காலை எட்டு மணி.

அப்போதுதான் நினைவு வந்தது. அழிக்கப் போனபோது திரை 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. பிறந்ததிலிருந்து அவர் எதிலும் நிச்சயமாக இருந்ததில்லை. 'இல்லை'யை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

டிஸ்க்கை மொத்தமாக எட்டு மணிக்குத் திருப்பினால் இன்று எடுத்த ஸ்கேன்கள் போய்விடும். அதனால் ஸ்நாப்ஷாட்டுக்குள் நுழைந்து, முதலில் அந்த அம்மாவின் படத்தையும் பிறகு மிச்சக் குப்பையையும் அக்காவின் கணினிக்கு நகலெடுத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்னீங்க?" முதுகுக்குப் பின்னால் டாக்டரம்மா.

"பொய் மேடம்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "வேலை போயிடுமா மேடம்?"

"முதல்ல படத்தைப் போடுங்க."

சர்ஜன் பழைய படத்தையும் இன்று எடுத்ததையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். புள்ளி இம்மியும் வளரவில்லை. கைப்பை வீட்டுக்குப் போயிற்று.

ஆறு மணிக்கு ரெண்டு பூட்டும் கிளம்பினார். தெருமுனையில் கால் நின்றுவிட்டது. நகலெடுத்தது முழுசாக முடிந்ததா?

ஓடிவந்தபோது டாக்டரம்மா சாவியோடு வாசலில் நின்றிருந்தார். "போய்ப் பாத்துட்டு வாங்க. உங்களுக்காகத்தான் இன்னும் பூட்டலை."