ஆறு மணி ஸ்விட்ச்

என் வியாபாரம் சூடு பிடிப்பதே வெளிச்சம் போன பிறகுதான். ஆபீஸ் விட்டு, பிள்ளைகளை டியூஷனில் விட்டு, பெண்கள் கோயிலுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் ப்ளவுஸ் பிட் ஞாபகம் வரும். ஸ்ரீரங்கத்தில் கோயில் மதிலைப் பார்த்தபடி போகும் ஒரு வீதியோரம், ஒரு இரும்புக் கட்டில், நாலு மூங்கில், மேலே நீலத் தார்ப்பாய். அவ்வளவுதான் என் கடை. வீதியோரக் கடைக்கெல்லாம் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. போஸ்டில் கொக்கி போட்டவர்கள் பட்ட பாட்டை நேரிலேயே பார்த்திருக்கிறேன். அவரவர் வெளிச்சத்தை அவரவர்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

எனக்கு மட்டும் பதினோரு வருஷம் அந்தக் கவலை இல்லாமல் இருந்தது. காரணம், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு மாமி.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. நான் கடை போட்ட முதல் வாரமே வெளியே வந்து, கேட்டை மறைக்கிறது, கோலம் போட இடமில்லை என்று மூச்சு விடாமல் பேசினார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வீடுதான் உங்களுது, ரோடு உங்களுது இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அப்போது என் வீட்டுக்காரர் தவறிப்போய் ஆறு மாதம். அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பிள்ளை குட்டி கிடையாது. யார் என்ன சொன்னாலும் சுள்ளென்று ஏறும் எனக்கு. மறுநாள் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமி கேட்டுக்கு உள்ளேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இருட்டுல உக்காந்துண்டு என்ன கலர்னு சொல்லி விப்பே நீ? நாளைக்கு ஒயர் வாங்கிண்டு வா."

வாங்கிக்கொண்டு போனேன். ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து முன்னறையில் சொருகிக்கொண்டார். இந்தப் பக்கம் மூங்கிலில் ஒரு ஹோல்டர், அதில் ஒரு குண்டு பல்பு. ஸ்விட்ச் மாமியிடம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் போடுவார், ஒன்பது மணிக்கு அணைப்பார். அணைந்தால் நான் மூட்டை கட்ட வேண்டும். பண்டிகை நேரத்தில் மட்டும் உள்ளேயிருந்து, முடிஞ்சுதா என்று ஒரு குரல் வரும். இல்லை என்றால் இன்னும் அரை மணி எரியும்.

பெரிதாகப் பேசிக்கொண்டோம் என்று சொல்ல முடியாது. மாமிக்குக் கண் சரியில்லை, ஊசியில் நூல் கோக்க வராது. வாரத்துக்கு ஒரு தடவை ஒரு துண்டுத் துணியில் ஏழெட்டு ஊசிகளைக் குத்தி, கேட் வழியாக நீட்டுவார். கலருக்கு ஒன்றாக நூல் கோத்துத் திருப்பிக் கொடுப்பேன். என் விளக்குக்கு நான் செய்த பதில் மரியாதை அதுதான். அவர் பிள்ளை சென்னையில் வேலை. அவரும் தனி, நானும் ஒண்டிக்கட்டை. ஆனால் அதைப் பற்றியெல்லாம் நாங்கள் பேசியதே இல்லை.

இப்போது சொன்னால் என்ன, ஆறு மணிக்கு அந்த பல்பு பளிச்சென்று எரியும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். திருவானைக்காவலில் என் ஒற்றை அறையில் காலையில் எழுந்து, நானே காப்பி போட்டு, நானே குடித்து, நானே டம்ளரைக் கழுவி, கதவைப் பூட்டிக்கொண்டு வருகிறவள் நான். எனக்காக இன்னொரு ஆள் செய்கிற காரியம் என்று ஒரு நாளில் அது ஒன்றுதான் இருந்தது.

போன சித்திரையில் ஒரு நாள் கடை போடப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது. கேட்டில் ஒரு துணிப்பை கட்டித் தொங்கியது. உள்ளே என் ஒயர், அழகாகச் சுற்றி, சணல் போட்டுக் கட்டி. கூடவே ஹோல்டரும் பல்பும். பக்கத்துக் கடை வளையல்கார பாய் சொன்னார், விடியற்காலையில் பிள்ளை கார் வைத்து அழைத்துக்கொண்டு போய்விட்டாராம், எதிர்வீட்டில் சொன்னார்களாம், இனிமேல் சென்னைதானாம்.

என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. முதல் நாள் சாயங்காலம் கூட விளக்கு போட்டவர், போகிறேன் என்று சொல்லவில்லை. அதுகூடப் போகட்டும். அந்த ஒயரைச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்டிருந்தது பாருங்கள், அதுதான் என்னைச் சுட்டது. உன் சாமான் உனக்கு, கணக்குத் தீர்ந்தது என்று முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நம்பர் வாங்கி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பத்தடி தூரத்தில் இருக்கிற மனுஷியிடம் யார் நம்பர் வாங்குவார்கள்? பையைக் கொண்டுபோய் வீட்டில் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அன்றைக்கே பாய் தன் பேட்டரி லைட்டை என் பக்கம் கொஞ்சம் திருப்பி விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நல்ல மனுஷர், தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் இன்னொருத்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்து பட்டது போதும் என்று ஒரு வீம்பு. இன்றைக்குத் திருப்புவார், நாளைக்கு அவரும் இடத்தை மாற்றிக்கொண்டு போவார். எனக்கு எதற்கு?

அப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! முதலில் பழையபடி மெழுகுவர்த்தி. தண்ணீர் பாட்டிலை வெட்டி அதற்குள் நிறுத்தினேன். துணிக்கடையில் நெருப்பை வைத்துக்கொண்டு உட்கார எனக்கே பயம். ஆடி பிறந்ததும் காவிரிப் பக்கமிருந்து வந்த காற்று அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது, ஏனென்றால் எதுவுமே எரியவில்லை. பிறகு ஒரு எமர்ஜென்சி லாம்ப். கடைக்காரன் நாலு மணி நேரம் வரும் என்றான். ஒன்றரை மணியில் மங்கி, கூட்டம் வரும் நேரத்தில் கண்ணை மூடும். செல்போன் டார்ச்சுக்கு மேலே தண்ணீர் பாட்டிலை வைத்தால் வெளிச்சம் பரவும் என்று ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். பரவத்தான் செய்தது. ஆனால் போன் வந்தால் கடை இருட்டு. எனக்கு யார் போன் செய்யப்போகிறார்கள், லோன் வேணுமா என்று கேட்கிறவர்கள்தான். அவர்களுக்காக நாலு தடவை இருட்டில் உட்கார்ந்தேன்.

கடைசியில் பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று வாங்கி, அதில் எல்.இ.டி. பட்டை விளக்கைக் கோத்தேன். ஒயர்கூடையில் பேட்டரியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். குழந்தையைத் தூக்குகிற மாதிரி நிமிர்த்தியே பிடிக்க வேண்டும், சாய்ந்தால் ஆசிட் கொட்டி சேலையில் ஓட்டை விழும். வெளிச்சம் என்னமோ ஜோர்தான், கண்ணைப் பறிக்கும் வெள்ளை. ஆனால் அந்த வெளிச்சம் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

மேட்சிங் வியாபாரத்தில் கலர்தான் எல்லாம். அரக்குக்கும் காப்பிக்கொட்டைக் கலருக்கும் நடுவில் எத்தனை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். ஒரு அம்மா, பெண்ணுடைய நிச்சயதார்த்தச் சேலையோடு வந்தார். அரக்கு பார்டர். அந்த வெள்ளை வெளிச்சத்தில் சிவப்பெல்லாம் செத்துப்போய்த் தெரிந்தது. காப்பிக்கொட்டையை எடுத்து வைத்து, அச்சு அசல் இதுதான் என்று அடித்துச் சொன்னேன். தைத்துவிட்டார்கள். பகலில் அதை எடுத்துக்கொண்டு வந்தார் அந்த அம்மா. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் ப்ளவுஸைச் சேலைமேல் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான். வேறு துணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் முழுக்க அந்தக் குண்டு பல்பு நினைவாகவே இருந்தது. அதன் மஞ்சளில் எது என்ன கலர் என்று என் கண்ணுக்கு மனப்பாடம்.

மாமியின் மேல் கோபம் அன்றைக்கு இன்னும் ஏறியது. கோபம் என்று சொல்லிக்கொண்டேன், உள்ளே அரித்தது வேறு. பதினோரு வருஷத்தில் நான் அவருக்கு யார்? ஒரு ஆளா, இல்லை கேட்டுக்கு வெளியே கிடந்த ஒரு சாமானா? இதை யாரிடம் போய்க் கேட்பது? பூட்டின கேட்டைப் பார்த்துக்கொண்டே வியாபாரம் செய்தேன்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் பேட்டரி காலை வாரிவிட்டது. ராத்திரி சார்ஜ் போட்டதாகத்தான் நினைப்பு, ஸ்விட்சைப் போட மறந்திருக்கிறேன். ஐந்தே முக்காலுக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பட்டை விளக்கு ஒரு தரம் மினுக்கியது, அத்தோடு சரி. பாய் என் பக்கம் பார்த்தார், நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. மூட்டை கட்டலாம் என்று துணியை அடுக்கும்போது மாமி வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் சாவிக்கொத்தோடு ஒருவர் இறங்கினார். மாமியின் பிள்ளை என்று பார்த்ததும் தெரிந்தது, அதே மூக்கு.

அவர் நேராக என் கட்டிலண்டை வந்து, ப்ளவுஸ் பிட் கடை நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம், இப்போது என்ன, இடத்தைக் காலி செய்யணுமா என்றேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டை விற்கப்போவதாகவும் சாமான்களைப் பார்க்க வந்ததாகவும் சொன்னார். அம்மாவுக்கு இரண்டு வருஷமாகவே ஞாபக மறதி இருந்திருக்கிறது. அடுப்பை எரியவிட்டுவிட்டு மறந்துபோய், தீப்பிடிக்க இருந்தது என்று எதிர்வீட்டில் போன் செய்ததும், அன்று ராத்திரியே வந்து விடியற்காலையில் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறார். அந்த ஒயரைக் குப்பையில் போடப்போனாராம். மாமி அதை இவர் கையிலிருந்து பிடுங்கி, அவளோடது, வேணும் அவளுக்கு என்று தானே சுற்றிக் கட்டி, கேட்டில் மாட்டின பிறகுதான் காரில் ஏறினாராம்.

நான் மடித்த துணியையே திரும்பவும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட" என்றார் அவர். "எங்க ஃப்ளாட் எட்டாவது மாடி. தினம் ஆறு மணியானா அம்மா எழுந்து போய் பால்கனி லைட்டைப் போடறா. அணைச்சா அழறா. கீழ ஒருத்தி இருட்டுல உக்காந்திருக்காங்கறா. எங்க பேரெல்லாம் மறந்துபோச்சு. இது மட்டும் மறக்கல."

மணியைப் பார்த்தேன், ஆறு அடிக்க இரண்டு நிமிஷம். அவரே போனை எடுத்து வீட்டுக்குப் போட்டு, பேசுங்கள் என்று என் கையில் கொடுத்தார். யாரோ அந்தப் பக்கம் மாமியிடம் கொடுத்தார்கள்.

"யாரு?" என்றது அந்தக் குரல். கொஞ்சம் மெலிந்திருந்தது, மற்றபடி அதே அதட்டல்.

நான்தான் மாமி என்றேன். திரும்பவும் யாரு என்றார். என் குரல் அவருக்குத் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"ஸ்ரீரங்கமா? அப்படின்னா ஒரு ஒத்தாசை பண்ணுங்கோ. எங்காத்து வாசல்ல ஒருத்தி கடை போட்டிருப்பா. வாய்தான் ஜாஸ்தி, பாவம், ஒண்டி. லைட் போட்டுட்டேன்னு அவகிட்ட சொல்லிடுங்கோ. வெளிச்சம் போறுமான்னு கேளுங்கோ."

நான் இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் பாயின் கடை வெளிச்சம் என் கட்டிலின் கால் வரைக்கும் வந்து நின்றிருந்தது.

"போறும் மாமி" என்றேன். "சொல்லிடறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயைக் கூப்பிட்டு, அந்த லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க என்றேன். அவர் உடனே திருப்பினார். அடுக்கியதைப் பிரித்து, ப்ளவுஸ் பிட்டுகளைத் திரும்பவும் கட்டிலில் பரப்பினேன்.