கடலுக்குப் போன களி உருண்டை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒகேனக்கலில் காசு கொடுத்து வாங்கிய மீனை, நானே தூண்டில் போட்டுப் பிடித்தேன் என்று வீட்டில் சொன்னவன் நான். சொன்னதுகூடப் பரவாயில்லை. புளுகுகிறவனுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கவனம்கூட எனக்குக் கிடையாது. கடைக்கார அம்மா செதிலைச் சுரண்டி, குடலை எடுத்து, மசாலா இறங்குவதற்கு வாகாக மூன்று கீறல் போட்டுக் கொடுத்திருந்தார். அதை அப்படியே பையில் எடுத்துவந்து, அரை மணி நேரம் என்னோடு போராடிய மீன் என்று மனைவி முன்னால் வைத்தேன். அவள் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"கொடலு இல்லாமயே போராடுச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

இந்தக் கதையைப் பென்னாகரம் பேருந்து நிலையத்து டீக்கடையில் நானே பல தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரிப்பு அடங்கியது வேறொரு நாளில். கம்பைநல்லூரில் இருக்கும் என் மாமனாருக்கு நெஞ்சு வலி என்று தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். செப்புக் கம்பி வாங்க அன்றைக்குத் தர்மபுரியில்தான் இருந்தேன். முதல் ஆளாகப் போய்ப் பார்த்தேன். மனுஷன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்னியில் காரம் இல்லை என்று நர்சிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். உடனே மனைவிக்கு போன் போட்டு, வெறும் வாயுப் பிடிப்புதான், இட்லி சாப்பிடுகிறார், பதறாதே என்றேன். அத்தனையும் உண்மை. அவள் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன், ஆள் போய்விட்டார் என்றே முடிவு கட்டிக்கொண்டு, பஸ்ஸில் வழி நெடுக அழுதபடி வந்திருக்கிறாள். வார்டு வாசலில் கண் வீங்கி நின்றவள், முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு தட்டில் இருந்த இட்லியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

வாய் நிறையப் பொய் சொன்னபோதெல்லாம் வராத வெட்கம், உண்மையைச் சொன்ன அன்றைக்கு வந்தது. தொலைத்த இடத்தில்தானே தேட வேண்டும்? மீனில் போன பேரை மீனில்தான் மீட்பது என்று முடிவெடுத்தேன். காவிரியில் பிடித்தால் எடுபடாது, கரையெல்லாம் மீன்கடை. ஆகவே கடல் மீன். கடற்கரையிலும் மீன் விற்பார்கள் என்பது மட்டும் என் மண்டைக்கு உறைக்கவில்லை.

கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவன் எங்கள் தெருமுனைக் கோழிக்கடைக்காரன். இன்னொருவன் பாப்பாரப்பட்டியில் வாத்தியார். அவனோடு காலேஜில் படித்த ஒருவருக்குக் கடலூர்ப் பக்கம் சொந்தமாக பைபர் படகு இருந்தது. சாயங்காலம் புறப்பட்டு, ஆழத்தில் ராத்தங்கித் தூண்டில் போட்டு, காலையில் கரை திரும்பலாம் என்று அவர் கூப்பிட்டிருந்தார். கோழிக்கடைக்காரனின் ஆம்னி வண்டியில் கிளம்பினோம்.

அதற்கு முந்தின இரவு மனைவியிடம் ராகிக் களியைக் கெட்டியாக, உப்புப் போடாமல் கிண்டித் தரச் சொன்னேன். எங்கள் பக்கம் ஆற்று மீனுக்கு அதுதான் இரை. களியை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி, தூண்டில் முள்ளில் அப்பி, சுழலில் போட்டால் கெண்டை தேடி வரும். காவிரிக்குச் சரிப்படுவது காவிரி போய்ச் சேரும் கடலுக்குச் சரிப்படாதா என்பது என் கணக்கு. அவள் ஏன் என்று கேட்காமல் உருட்டி, வாழை இலையில் கட்டிக் கொடுத்தாள். வண்டி ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வாங்கறதா இருந்தா அங்கயே ஆஞ்சு வாங்கிட்டு வந்துருங்க. என்னால செதிலு சொரண்ட முடியாது."

அரூர் தாண்டி, திருவண்ணாமலை தாண்டி, திருக்கோவிலூர் வரைக்கும் அந்த வார்த்தை என் காதிலேயே உட்கார்ந்திருந்தது.

படகில் ஏறியதும் படகுக்காரர் ஒரே ஒரு சட்டம் போட்டார். எப்போது கரை திரும்புவோம் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கடலுக்குள் அந்தக் கேள்வி ஆகாது. இதென்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தேன். துறைமுகத்து வாயைத் தாண்டி முதல் அலை படகைத் தூக்கிப் போட்டதுமே, என் உடம்பில் இருந்த ஒவ்வோர் உறுப்புக்கும் கேட்க அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

ஒகேனக்கலில் பரிசலில் போனவன், தண்ணீர் எனக்குப் புதிதல்ல என்று வழியெல்லாம் அளந்துகொண்டு வந்திருந்தேன். பரிசல் சுற்றும், அவ்வளவுதான். கடல் ஏற்றும், இறக்கும், பக்கவாட்டில் சாய்க்கும், முடித்துவிட்டதோ என்று நாம் நினைக்கும்போது மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்கும். கரை விளக்குகள் மறைவதற்குள் நான் மூன்று தடவை வாந்தி எடுத்திருந்தேன். வாத்தியார் அதைப் பொறுப்பாக வீடியோ எடுத்தான். அந்தப் பயணத்தில் என்னைப் பற்றிப் பதிவான ஆதாரம் அது ஒன்றுதான்.

எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. இருபது பாகம் ஆழம் என்றார் படகுக்காரர். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். எங்கள் தோட்டத்துக் கிணறு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் ஆழம். நைலான் நரம்பின் நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேல் முள். ஆளுக்கு ஒரு கட்டை நரம்பு கொடுத்தார். இரைக்குக் கணவாய்த் துண்டுகளை நறுக்கி நடுவில் வைத்தார். அந்த வாசனையில் எனக்கு நாலாவது தடவையும் வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு வாழை இலையைப் பிரித்தேன். முள்ளில் களியை அழுத்தி உருட்டி இறக்கினேன். படகுக்காரரும் துணைக்கு வந்திருந்த அவருடைய தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து இழுத்துப் பார்த்தேன். முள் காலி. இரையைத் தின்றிருக்கிறது! மறுபடியும் உருட்டி இறக்கினேன். மறுபடியும் காலி. கீழே ஒரு பெரிய கூட்டமே பந்தியில் உட்கார்ந்திருக்கிறது என்று நண்பர்களுக்கு அறிவித்தேன். முள்ளில் மாட்டாமல் தின்னத் தெரிந்த புத்திசாலி மீன்கள் என்றும் விளக்கம் கொடுத்தேன். இப்படியே ஏழெட்டு உருண்டை. கோழிக்கடைக்காரன் பசி தாங்காமல் என் இரையில் இரண்டை ஊறுகாய் தொட்டுத் தின்றுவிட்டான்.

அதுவரை பொறுத்திருந்த படகுக்காரர், ஓர் உருண்டையை வாங்கி, பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் போட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரம் கரைந்து, கலங்கிக் கூழானது.

"தின்னல சார், கரையுது. கடலுக்கு ராகி பழக்கமில்ல."

வாத்தியார் படகில் படுத்துப் புரண்டு சிரித்தான். ஒரு மணி நேரமாக நான் வங்காள விரிகுடாவுக்குக் கூழ் ஊற்றியிருக்கிறேன்.

படகுக்காரர் இரக்கப்பட்டு, முன்பக்கம் வலைக் குவியல் மேல் போய்ப் படுக்கச் சொன்னார். அவர்கள் பிடிப்பதில் ஒன்றை என் பெயரில் எழுதிக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்று கோழிக்கடைக்காரன் தேறுதல் சொன்னான். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் என் மனைவிக்குத் தெரிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அந்த வீங்கிய கண் ஞாபகத்துக்கு வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கணவாய்த் துண்டை எடுத்து முள்ளில் குத்தினேன்.

நண்பர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சின்னச் சங்கரா மீனைத் தூக்கிவிட்டு, கை வலிக்கிறது என்று நரம்பைச் சுற்றி வைத்துவிட்டுத் தூங்கிப் போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். நரம்பை இறக்குவது, குண்டு தரையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்குவது, காத்திருப்பது, இழுத்துப் பார்ப்பது, காலி முள்ளில் மறுபடியும் இரை குத்துவது, நடுவில் வாந்தி எடுப்பது. இந்த முறை இரையை நிஜமாகவே எதுவோ கொறித்துக்கொண்டிருந்தது. வாயில் வெறும் உப்பும் கசப்பும். ஒரு கட்டத்தில் வாந்திக்கு வயிற்றில் எதுவும் இல்லாமல் போனது. அது ஒரு வசதி, வேலை தடைபடவில்லை.

எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். தலைமுடி கனத்துக்கு இருக்கும் செப்புக் கம்பியை அறுந்துவிடாமல் இழுத்துச் சுற்றுவது. கம்பி எந்த இடத்தில் லேசாக இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று என் ஆள்காட்டி விரலுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க நரம்பில் வந்த துடிப்பையெல்லாம் மீன் என்று நினைத்து வெடுக் வெடுக்கென்று இழுத்து ஏமாந்தவன், விடியப் போகும் நேரத்தில்தான் விரலைக் கேட்டு நடக்க ஆரம்பித்தேன். அலை இழுப்பது ஒரு மாதிரி, நீளமாக. கொறிப்பது வேறு மாதிரி, பொடிப் பொடியாக. மூன்று கொறிப்புக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி வந்தது. அந்த இடைவெளியில் இழுத்தேன்.

இருந்தது. கனமாக எல்லாம் இல்லை, ஆனால் இருந்தது. இருபது பாகத்தையும் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தேன். விரலில் நரம்பு அறுத்து ரத்தம் வந்தது. கடைசியில் டார்ச் வெளிச்சத்தில் மேலே வந்தது, என் உள்ளங்கையை விட ஒரு விரல் அதிக நீளத்தில் ஓர் உருப்படி. சாம்பல் நிறம். உப்புத்தாள் போலச் சொரசொரத்த தோல். முதுகில் ஒற்றை முள். முகத்துக்குப் பொருந்தாத சின்ன வாய், அதில் எலிப் பற்கள். அது என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. எனக்கென்னவோ அதைவிட அழகான ஒன்றை அதுவரை பார்த்ததில்லை என்றுதான் தோன்றியது.

"கிளாத்தி சார்" என்றார் படகுக்காரர். "பெருசா இருந்தா தோலை உரிச்சுட்டு ஆக்கலாம். இந்த சைசு ஏலத்துக்கே போவாது, கோழித் தீவனத்துக்குத்தான். தூக்கிக் கடல்ல போடுங்க."

கோழிக்கடைக்காரன் எழுந்து உட்கார்ந்து, தன் கோழிகள் தின்பது இதைத்தானா என்று முதல் முறையாகத் தெரிந்துகொண்டான். நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. முள்ளைக்கூட வாயிலிருந்து கழற்றவில்லை. நரம்பை மட்டும் ஒரு சாண் விட்டு அறுத்து, மீனை ஐஸ் பெட்டியில் தனியாக வைத்தேன். முள், நரம்பு, முழுக் குடல். எல்லாச் சாட்சியும் ஒரே இடத்தில்.

கரைக்கு வந்ததும் நண்பர்கள் இரண்டு பேரும் நேராக ஏலத்துக்குப் போனார்கள். ஆளுக்கொரு முழு வஞ்சிரம் வாங்கினார்கள். ஆயாமல், கழுவாமல், முழுசாக. என் கதையில் இருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான். எனக்கும் ஒன்று எடுத்துவைத்து, "டேய், வாங்கிக்கடா. இந்தப் பொடுசக் கொண்டுட்டுப் போயி என்னன்னு சொல்லுவ?" என்றான் வாத்தியார். வஞ்சிரம் வெள்ளித் தகடு மாதிரி மின்னியது. உள்ளுக்குள் ஒரு நிமிஷம் ஆட்டம் கண்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

வெயில் ஏறிய பிறகு ஐஸ் உருகிவிட்டது. திருவண்ணாமலையில் ஐஸ் தேடி இரண்டு கடை ஏறி இறங்கினேன். தர்மபுரி வருவதற்குள் வண்டிக்குள் அடித்த வாடை மீனுடையதா என்னுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி சொன்னாள், கோழிக்கடைக்காரன் வீட்டிலிருந்து போன் வந்ததாம். அவர் நாலு கிலோ வஞ்சிரத்தோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டி ஏற்றினாராம். அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவன் வீட்டுப் பஞ்சாயத்து அவனுக்கு. கொல்லைப்புறக் குழாயடியில் அவளை உட்கார வைத்து, பெட்டியைத் திறந்து, கிளாத்தியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

வெகு நேரம் பார்த்தாள். வாயில் தொங்கிய நரம்பை இழுத்துப் பார்த்தாள். முள்ளைக் காட்டினேன். கேட்டால் கடையிலேயே குத்திக் கொடுப்பார்கள் என்றாள். வயிறு முழுசாக இருப்பதைக் காட்டினேன். போன தடவை மாட்டிக்கொண்டதால் இந்தத் தடவை விவரமாக வாங்கியிருக்கலாம் என்றாள். வாத்தியாரைக் கேட்டுப் பார் என்று சொல்ல நினைத்து, வஞ்சிரம் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். ராத்திரி முழுக்கச் சேர்த்த சாட்சியெல்லாம் குழாயடியிலேயே கரைந்துகொண்டிருந்தன, களி மாதிரி.

அரிவாள்மனையில் வைத்து ஒரு தேய் தேய்த்தாள். தோலில் கீறல்கூட விழவில்லை. திருப்பி இன்னொரு தேய். மனைதான் வழுக்கியது. மீனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அறுபட்ட என் விரல்களைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. எனக்குச் சொல்வதற்கு வேடிக்கையாக எதுவும் மிச்சமில்லை.

"என் கையால புடிச்சது. இப்பவாச்சும் நம்பறியா?"

"நம்பறனுங்க, இதெ எவனும் விக்க மாட்டான்."