சாய்ந்த லேபிள்

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுப்பவருக்குக் கொசு என்று பெயர் வைத்தது நாங்கள் அல்ல, அவர் மனைவி. கல்யாணமான புதிதில் வைத்தாராம். முப்பது வருடமாக எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். மனிதர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

அந்த அம்மாளுக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பை மறந்தார், பிறகு மகளை. மிச்சம் இருந்தது கொசு மட்டும்தான்.

டி.என்.எஃப். என்றொரு புரதம். உடம்பில் காயமோ கிருமியோ வந்தால் எதிர்ப்பு அணுக்களைக் கூவி அழைப்பது அதன் வேலை. காரியம் முடிந்த பின்னும் அது வாயை மூடாவிட்டால் மூளை நரம்புகளே கெடலாம் என்று சந்தேகம். அதை அடக்கும் மருந்து ஒன்றை மறதி நோயாளிகளுக்குக் கொடுத்து டாக்டர்கள் சோதித்தார்கள். கொசு தன் மனைவியை அதில் சேர்த்துவிட்டார்.

மாதாமாதம் இரத்தம் எடுப்பதும் அவர்தான், அதில் அந்தப் புரதத்தை அளப்பதும் அவர்தான். குழாயில் எண் மட்டும் இருக்கும். யாருடையது என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. ஆனால் ஒரே ஒரு குழாயில் லேபிள் மயிரிழை சாய்ந்திருக்கும். நான் கவனித்தேன். மேலே சொல்லியிருக்க வேண்டும், மனசு வரவில்லை.

மூன்றாம் மாதம் என் மேசைக்கு ஓடி வந்தார்.

"பாதியா கொறஞ்சிருச்சுப்பா! பாதி!"

"அண்ணே, அது கொறஞ்சா ஞாபகம் திரும்பும்னு யாரு சொன்னா?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அடுத்த முறை மகள் அம்மாவைக் கூட்டி வந்தாள். வழக்கமாக ஊசியைக் கண்டதுமே, "அடப்பாவி கொசு, மெதுவா!" என்று அந்த அம்மாள் போடும் சத்தம் வராந்தா வரை கேட்கும். அன்று சாதுவாகக் கையை நீட்டினார். கொசு குத்தினார். காத்திருந்தார். பஞ்சை வைத்து அழுத்திய பிறகும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வலிக்கவே இல்ல சார். ரொம்ப நன்றி."

அன்றைய அளவு இன்னும் குறைந்திருந்தது. டாக்டர்களுக்கு ஏக சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மாதம் குழாய்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லா லேபிள்களும் நேராகவே ஒட்டியிருந்தன.