கியர்ப்பெட்டிக்குள் போன பூசைத் தண்ணீர்

எனக்கு இயந்திரங்களோடு கோபம் வருவதில்லை. அவற்றைக் கழுவுகிறவர்களோடுதான் வரும்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் பக்கத்தில், என் அக்காவின் கணவரும் நானும் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெண்டியும் கத்தரியும் பயிரிட்டோம். நிலத்தோடு ஒரு கிழட்டு டிராக்டரும் கிடைத்தது. நிலத்தின் சொந்தக்காரி தனியாக வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக்கார மூதாட்டி, இருதய நோயாளி. அவள் வற்புறுத்திக் கேட்டது ஒன்றுதான்: குளிர்காலம் முழுவதும் அந்த டிராக்டரால் அவளுடைய வீட்டுப் பாதையில் பனி தள்ள வேண்டும். அம்புலன்ஸ் வந்தால் வாசல்வரை வர வேண்டும். எங்களுக்கு முன்பு குத்தகைக்கு இருந்தவர் ஒரு தடவை பாதையைப் பனி மூட விட்டார். அதற்காக அவரை நிறுத்தினாள்; வசந்தத்தில் நிலம் எங்கள் கைக்கு வந்தது. டிராக்டர் படுத்தால் எங்களுக்கும் அதே கதிதான்.

அந்த வருடம் நவராத்திரி ஒக்டோபர் கடைசியில் வந்தது. ஆயுத பூசையன்று, துறைமுகப் பக்கத்தில் நான் லொறி திருத்தும் கராஜில் வேலை முடித்துப் பின்னேரம் நிலத்துக் கொட்டகைக்குப் போனேன். அத்தான் டிராக்டரைத் திருவிழாவுக்குப் போகிற பிள்ளையைப் போலக் குளிப்பாட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சந்தனம் பூசி, செவ்வந்தி மாலையும் போட்டு நிறுத்தியிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கியர்த் தடியின் அடியில் இருந்த ரப்பர் உறை வாய் பிளந்து கிடந்தது. சுற்றிலும் மஞ்சள் ஈரம்.

"அத்தான், இது கிழிஞ்சு கிடக்கு எண்டு போன கிழமையே சொன்னனான்."

"அதெல்லாம் காஞ்சிடும்."

"வெளியில காயும். உள்ளுக்குப் போனது எங்கை காயும்?"

கியர்ப்பெட்டிக்குள் போன தண்ணீர் எண்ணெய்க்குக் கீழே இறங்கித் தங்கும். அன்றிரவு கடுங்குளிர் என்று வானொலி சொல்லியிருந்தது. தண்ணீர் உறைந்தால் பற்சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். விடிந்ததும் அத்தான் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து வண்டியை எடுக்கப் போகிறார். மனிதர் கியர் போட்டு ஓர் உதை உதைத்தால் பற்கள் தெறித்துவிடும். அந்த வயதான டிராக்டருக்கு மாற்றுப் பற்சக்கரம் தேடி எங்கே போவது?

உடனே தண்ணீரை வடித்தாக வேண்டும். ஆனால் என்னுடைய ஸ்பானர்கள் எல்லாம் மண்வெட்டி, கத்திகளோடு கொட்டகை மூலையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் குங்குமம் வைத்துக் கிடந்தன.

"பூசைக்கு வைச்சதை நாளைக்குத்தான் எடுக்கலாம். உமக்குத் தெரியாதே?" என்றார் அத்தான்.

"தெரியும் அத்தான். குளிருக்குத்தான் தெரியாது."

அவருக்கு முகம் சுருங்கியது. நான் காத்திருக்கவில்லை. "தாயே, ஒருக்கால் தாரும்" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பெரிய ஸ்பானரை எடுத்தேன். கை கூசவே இல்லை. நிலம் போய்விடுமோ என்ற பயம் மட்டும் நெஞ்சில் இருந்தது.

டிராக்டருக்கு அடியில் படுத்து, கியர்ப்பெட்டியின் கீழ் நட்டைத் தளர்த்தினேன். முதலில் எண்ணெய் வரவில்லை. வாளிக்குள் தண்ணீர்தான் விழுந்தது, அவர் காலையில் ஊற்றிய அதே மஞ்சளோடு. குனிந்து பார்த்த அத்தான், "மஞ்சள் தண்ணியெல்லோ" என்றார். எழும்பிப் போய்ப் பழைய டயர் டியூப் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். சுத்தமான எண்ணெய் வரத் தொடங்கியதும் நட்டை இறுக்கினேன். குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பினேன். டியூபை வெட்டி அவர் நீட்ட, கியர்த் தடியைச் சுற்றிக் கம்பியால் கட்டினேன். ஸ்பானரைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

விடிந்தபோது வெளியே விட்ட வாளித் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. அத்தான் அதைத் தரையில் தட்டிக் கவிழ்த்தார். மஞ்சள் பனிக்கட்டி முழுதாக விழுந்தது. தேசிக்காய்க்குப் பக்கத்தில் அதையும் சில்லுக்கடியில் வைத்தார். கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தது. இரண்டும் நசுங்க, டிராக்டர் கொட்டகையை விட்டு வெளியே போனது. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மாசியில், பனி கொட்டிய ஒரு காலையில், அத்தான் பாதையில் பனி தள்ளி முடித்த பிறகு அம்புலன்ஸ் வந்தது. வாசல்வரை வந்துதான் மூதாட்டியை ஏற்றியது. பனி கரைந்தபோது அவள் வீட்டுக்குத் திரும்பி வந்து, கதிரையை முற்றத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, நாங்கள் எப்போது உழப்போகிறோம் என்று கேட்டாள்.