பதினைந்து நிமிடம் அசையாத எண்

அந்த வானாய்வு மையத்தில் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகு திரும்பியதும் சொல்வார்கள். தொலைநோக்கியைக் கண்காணிக்கும் மென்பொருளைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்பவள் அவள். காற்று பலமாக வீசினாலோ ஈரப்பதம் எண்பத்தைந்து சதவீதத்தைத் தாண்டினாலோ அந்த மென்பொருள் யாரையும் கேட்காமல் டோமை மூடிவிடும். டோம் என்பது தொலைநோக்கிக்கு மேலிருக்கும் உருண்டைக் கூரை. கண்ணாடியின் பூச்சில் ஈரம் படிந்து கெட்டால் அதைக் கழற்றி மறுபூச்சு பூசி மாட்ட நாலு மாதம் ஆகும். இது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும், வானம் பார்க்க வந்தவர்களுக்குக் கூரை மூடும் சத்தத்தைக் கேட்டால் எரிச்சல் அவள் மேல்தான் வரும்.

பழக இனிமையானவள் என்று அவளைச் சொல்ல முடியாது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "அது உங்களுக்கு எதுக்கு?" என்பாள். தான் சொன்னது சரியென்று தெரியவந்தால், தவறாகச் சொன்னவருக்கு அதை எழுதி, அவருடைய மேலதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்புவாள்.

போன வருடம் ஒரு விதி சேர்த்தாள். மாடியில் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஈரமானி காட்டும் எண் ஒருபோதும் சும்மா இருக்காது. கடைசி இலக்கமாவது ஆடிக்கொண்டிருக்கும். பதினைந்து நிமிடம் ஒரே எண் அசையாமல் நின்றால் கருவி செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு டோமை மூடிவிட வேண்டும். இதை எல்லோருக்கும் மின்னஞ்சலில் தெரிவித்தாள். தன் மின்னஞ்சலை யாரும் திறப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும். வாயால் ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த விதி கடைசியில், அங்கே வானம் பார்க்க வந்த ஒரு பேராசிரியரின் தலையில் விழுந்தது. ஒரு குறுங்கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நாற்பது வினாடிக்காக அவர் மூன்று வருடம் காத்திருந்தார். அதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டோம் மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் அவள் மாடிக்கு ஏறிப் பார்த்தாள். ஈரமானியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். உள்ளே, கேமரா பெட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டு. மாடிக் கதவின் பதிவை எடுத்துப் பார்த்தாள். முந்தின சாயங்காலம் ஒரே ஒரு அடையாள அட்டைதான் அந்தக் கதவைத் திறந்திருந்தது. அது அவள் கொழுந்தனுடையது. தொலைநோக்கியை இயக்கும் வேலையில் அவனைச் சேர்த்துவிட்டவளே அவள்தான்.

விசாரணை வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. விதியை நீக்க வேண்டும், அவளையும் நீக்க வேண்டும் என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்திருந்தார். அன்று காலை கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, பையை மட்டும் காட்டுங்க. யாரு கட்டினதுன்னு தெரியலைன்னு சொல்லுங்க."

"தெரியுமே."

"தெரியாத மாதிரி இருக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"கட்டும்போது என் வேலை போகும்னு தோணலையா தம்பி?"

"உங்க சாஃப்ட்வேர் சும்மா சும்மா கத்துது. புரொஃபஸர் சார் கேட்டாரு, கட்டினேன்."

மாமியார் அடுப்பை அணைத்தார். "சின்னப் பையனைப் போய் நாலு பேர் முன்னாடி போட்டுக் குடுப்பியா?"

"பையனா? முப்பத்திநாலு வயசு அத்தை. முன்மண்டை காலி."

கணவன் அவளுடைய புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஒரே மடிப்பை மூன்றாவது முறையாகத் தேய்த்தான்.

மூன்று மணிக்கு இயக்குநரின் அறையில் பேராசிரியர்தான் ஆரம்பித்தார். "மெஷினுக்கு சந்தேகம் வந்துச்சாம். மூணு வருஷ உழைப்பு குப்பையில. விதியையும் எடுங்க, எழுதினவங்களையும் எடுங்க."

"அன்னைக்கு ஈரப்பதம் எவ்வளவு சார்?"

"வானம் பளிங்கு மாதிரி இருந்துச்சு."

"எண் கேட்டேன்."

"முப்பத்தொண்ணு! உங்க திரையிலேயே இருந்துச்சே!"

அவள் முதல் தாளை மேசையில் வைத்தாள். மாலை வரை ஈரப்பதக் கோடு எண்பத்திரண்டுக்கும் எண்பத்திநாலுக்கும் நடுவே துள்ளிக்கொண்டிருந்தது. பிறகு சரிந்து, முப்பத்தொன்றில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடியது. பக்கத்தில் பையையும் வைத்தாள்.

"இதைக் கட்டினது யாரு?" என்றார் இயக்குநர்.

கதவோரம் நின்ற கொழுந்தன் அவளையே பார்த்தான். அவள் மாடிக் கதவின் பதிவு இருந்த இரண்டாவது தாளை எடுத்து முதல் தாளின் மேல் வைத்தாள்.

"அடப்பாவி, நீயா?" என்றார் பேராசிரியர்.

"சார், அந்தப் பொட்டலத்தை உங்க பெட்டியிலேர்ந்து எடுத்துக் குடுத்தது யாரு? நான் என்ன வானத்திலேர்ந்தா பறிச்சேன்?"

அதன்பிறகு அங்கே நடந்தது விசாரணை இல்லை, குழாயடிச் சண்டை.

முடிவில் விதி நிலைத்தது, அவளும் நிலைத்தாள். பேராசிரியருக்கு ஒரு வருடம் தொலைநோக்கி கிடையாது. கொழுந்தனுக்கு மூன்று மாதம் இடைநீக்கம். அந்த மூன்று மாதமும் மாமியார் அவளுக்கும் சேர்த்தே சமைத்தார், ஆனால் சாப்பிடக் கூப்பிடவில்லை.

உண்மையைச் சொன்னாள் என்று அவளை மெச்சத் தோன்றலாம். அவசரம் வேண்டாம். இரண்டாவது தாளை வைக்கும்போது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. கணக்கின் விடை சரியாக வந்துவிட்ட திருப்திதான் இருந்தது. தவிர, அவளுடைய விதி அன்று கண்ணாடியைக் காப்பாற்றியதா, நல்லதோர் இரவைக் கெடுத்ததா என்பதும் யாருக்கும் தெரியாது. காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே கருவியின் வாயை அல்லவா கட்டியிருந்தார்கள். தெரியாது என்பதை ஒப்புக்கொண்டது அந்த இடத்தில் அவள் மென்பொருள் ஒன்றுதான். அந்த அளவுக்கு அவளைப் பாராட்டலாம்.

கொழுந்தன் வேலைக்குத் திரும்பிய மாலையில், டோமைத் திறக்கும் முன் நிரப்பும் படிவத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது: மாடிக்கு ஏறி ஈரமானியைக் கண்ணால் பார்த்தேன். அவன் அந்த வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினான்.

"போதுமா மேடம்?"

"மேல போனீங்களா?"

"கையெழுத்துதான் போட்டுட்டேனே."

அவள் தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் பேனாவை மேசையில் எறிந்துவிட்டுப் படியேறினான். இரும்புப் படிகள் மேலே போகப்போக அதிகமாக அதிர்ந்தன. அவன் இறங்கி வரும்வரை டோம் மூடியே இருந்தது.