பதினெட்டு புள்ளி ஆறு

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், குழந்தைகளுக்கான மருந்துப் பொடியை நிறுத்து மடித்துக் கொடுப்பதுதான் இருபத்தாறு வருடங்களாக அவள் வேலை. மூச்சுப் பட்டால் பொடி பறந்துவிடும் என்று முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டே நிறுப்பாள். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. யாராவது மனத்தைத் தொடும்படி ஏதாவது சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்பாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘தராசு’.

அந்தத் தராசுதான் ஒரு திங்கட்கிழமை காலை தன் சமையலறையில் வேர்த்துப்போய் நின்றாள்.

காபி கிரைண்டரில் அவள் போட்டது பதினெட்டு கிராம் கொட்டை. அரைபட்டு வெளியே வந்த தூள் பதினெட்டு புள்ளி ஆறு கிராம்.

குறைந்தால் பயமில்லை. கொஞ்சம் தூள் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கூடுவது எப்படி? ஒருநாள் என்றால் கைத்தவறு என்று விட்டிருப்பாள். இது நான்காவது நாள்.

அந்த கிரைண்டரை வாங்கியது அவள் கணவர். லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் விரல் நுனியில் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் பட்டறையில் அவர் பெயர் மைக்ரான். கல்யாணமாகி இருபது வருடம் கழித்து அவருக்கு எஸ்பிரெஸ்ஸோ பைத்தியம் பிடித்தது. காபி போடும் மெஷினை அரைமணி நேரத்தில் வாங்கிவிட்டார். கிரைண்டர் வாங்க மூன்று மாதம் ஆனது. கடைக்காரர் பளபளப்பான மாடல்களாக எடுத்து வைக்க, இவர் ஒவ்வொன்றையும் கழற்றச் சொல்லி, அரைக்கும் பற்களின் மேல் கண்ணை மூடிக்கொண்டு இடது கை விரலை ஓட்டினார். “பொண்ணு பார்க்க வந்தப்போகூட இவ்வளவு நேரம் எடுத்துக்கல” என்று அவள் சொன்னதற்குக் கடைக்காரர் சிரித்தார். மைக்ரான் சிரிக்கவில்லை. மெஷின் சுமாராக இருந்தால்கூடச் சமாளிக்கலாம், தூள் ஒரே சீராக இல்லையென்றால் காபி ஒரு பக்கம் புளிக்கும், ஒரு பக்கம் கசக்கும் என்று விளக்கினார்.

கடைசியில் எடுத்தது ஒரு சின்ன, கனத்த, கறுப்பு கிரைண்டர். கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வாய். அதற்கு ஒரு தள்ளுமூடி. கழுத்தில் திருகு வளையம். அதை நூலளவு திருப்பினால் தூள் நைசாகும், எதிர்ப்பக்கம் ஒரு நூல் திருப்பினால் கரடாகும். நைசானால் காபி சேறு மாதிரி சொட்டும், கரடானால் குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டும். இரண்டு வாரம் அரைத்து அரைத்துப் பார்த்து, வளையத்தில் ஓர் இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். கொட்டை வைக்க அலுமினியத்தில் தானே ஒரு டப்பா கடைந்தார். மூடியை ஒரு விரலால் தூக்கலாம். விட்டால் காற்றைப் பிதுக்கிக்கொண்டு மெல்ல அமரும்.

பதினோரு வருடம் காலையில் அவள் எழுந்து வரும்போது காபி தயாராக இருந்தது. எப்படிப் போடுகிறார் என்று அவள் நின்று பார்த்ததே இல்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது பக்கம் விழுந்தது. பேச்சு போயிற்று. போனது பேச்சு மட்டும் என்றால் அவள் தாங்கியிருப்பாள். எதிரே போய் நின்றால் அவர் பார்வை அவளைத் தாண்டிப் பின்னாலிருக்கும் சுவருக்குப் போயிற்று. இடது கை மட்டும் சில சமயம் அசையும். பெரிய டாக்டர், “அதுல அர்த்தம் தேடாதீங்கம்மா, வீணா மனசு கஷ்டப்படும்” என்றார்.

மகன் ஒரு படிவம் கொண்டுவந்து கொடுத்திருந்தான். நல்ல பராமரிப்பு இல்லம். ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும். “அப்பா அங்க இல்லம்மா. வெறும் வீட்டைக் காவல் காத்துட்டு இருக்க. நாளைக்கு உனக்கே கை தடுமாறி மருந்தை மாத்திக் குடுத்துட்டா?” என்றான். அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.

என் கை தடுமாறாது என்று அவள் அன்று சொல்லியிருந்தாள். இப்போது தராசின் சிவப்பு எழுத்து பதினெட்டு புள்ளி ஆறு என்கிறது. கை தடுமாறத் தொடங்கிவிட்டது என்றால் கையெழுத்துப் போட வேண்டியதுதான். வேறு வழியில்லை.

அன்று வீட்டுத் தராசைப் பையில் போட்டு வேலைக்கு எடுத்துப் போனாள். பித்தளை எடைக்கற்களை வைத்துப் பார்த்தாள். ஒரு புள்ளி பிசகவில்லை. தான் காலையில் நிறுத்த இருபது பொட்டலங்களைப் பக்கத்து மேஜைத் தோழியிடம் கொடுத்து மறுபடி நிறுக்கச் சொன்னாள். இருபதும் சரி. விஷயத்தைக் கேட்ட தோழி, “உங்க வீட்டுப் பேய் ரொம்ப நல்ல பேயா இருக்கும் போலிருக்கே. எங்க வீட்டுல எல்லாம் குறையத்தான் செய்யுது” என்றாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலையில் கிரைண்டரைத் திருகித் திறந்து, பிரஷ்ஷால் துடைத்து, வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினாள். பழைய தூள் உதிர்ந்தது. அவளே காபி போடத் தொடங்கிய ஏழு மாதத்து நெடி. ஒரு துகள் மிச்சமில்லாமல் சுத்தம் செய்து, ஜோடித்து மூடிவிட்டுக் குளிக்கப் போனாள். காலையில் உள்ளே எட்டிப் பார்க்காமல் பதினெட்டு கிராமைக் கொட்டி அரைத்தாள்.

பதினெட்டு புள்ளி ஆறு.

டப்பாவிலிருந்து கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தாள். ஐந்தாவது விழுந்ததும் புள்ளி ஆறு காட்டியது. ஐந்து கொட்டை. யாரோ எண்ணிப் போடுகிறார்கள்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். அவளுக்குக் காபியின் வாசனையே ஆகாது. விசாரித்ததும் அவள் முகம் வெளுத்தது. “அக்கா, நானே சொல்லணும்னு இருந்தேன். சாயங்காலம் நீங்க குளிக்கப் போனதும் நான் கிளம்புறேன்ல, வாசல்ல செருப்பு மாட்டும்போது சமையல்ரூம்ல ஏதோ மூடி திறக்கிற சத்தம் கேக்குது. நாலஞ்சு நாளா. எட்டிப் பார்க்கப் பயமா இருக்கு. ஐயாவைத் தவிர உள்ள யாருமே இல்லக்கா.”

“ஆமா, அவரைத் தவிர யாருமில்ல” என்றாள் இவளும்.

சொன்னவளுக்கும் கேட்டவளுக்கும் அந்த வாக்கியத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை.

புதன்கிழமை மருந்தறையிலிருந்து ஒரு சிட்டிகை மாவுப்பொடி கொண்டுவந்தாள். குளிக்கப் போகுமுன் கிரைண்டர் மூடியின் மேலும் அதைச் சுற்றிலும் ஊதித் தூவினாள். அதற்கப்புறம் இரவுச் சாப்பாடு, அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டல், முகத்தையும் கைகளையும் ஈரத்துணியால் துடைத்துவிடல் என்று எல்லாம் வழக்கம்போல நடந்தது. மூடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

காலை வெளிச்சத்தில் பார்த்தாள். வெள்ளைப் பொடியில் நான்கு விரல் இழுத்த தடம். பக்கத்தில் கட்டைவிரல். தன் வலது கையை அதன் மேல் பிடித்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. இடது கையைப் பிடித்தாள். விரல்களின் வாகு பொருந்தியது. ஆனால் தடம் அவள் விரலைவிடப் பெரியது.

கொடியில் நேற்றைய ஈரத்துணி காய்ந்திருந்தது. அதன் ஒரு ஓரத்தில் மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. போன வாரத்திலிருந்து, கூடத்தில் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கிறது என்று அந்தப் பெண் அவருடைய சக்கர நாற்காலியைச் சமையலறை மேடை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் போகிறாள். மேடை அவருக்கு இடது பக்கம்.

அன்று மாலை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவிடுக்கில் நின்றாள். ஐயா, பெற்றவளே, அந்தக் காட்சியை என்னவென்று சொல்வது! அவர் முகம் சுவரைப் பார்த்தபடி இருந்தது. கண் இமைக்கவில்லை. மடியிலிருந்த இடது கை மட்டும், அவருக்குத் தெரியாமல் தப்பிக்கிற ஏதோ ஒரு பிராணி போல, நாற்காலிக் கையில் ஏறியது. நின்றது. மேடையில் ஏறியது. விரல்களால் தவழ்ந்து தவழ்ந்து கிரைண்டரை அடைந்து மூடியைத் தள்ளியது. பிறகு அலுமினிய டப்பா. ஒரு கொட்டை. உள்ளே ‘டிக்’. இன்னொன்று. ஐந்து முறை. மூடியை இழுத்துவிட்டது. வந்த வழியே இறங்கி மடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இவ்வளவுக்கும் கழுத்துக்கு மேலே யாருமே இல்லை.

அவள் ஓடிப்போய் முன்னால் மண்டியிட்டு அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத பேர். பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று.

ஐந்து கொட்டை எதற்கு? கிரைண்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தாள். அவர் மைக்ரானை மறக்கவில்லை.

“நான்தாம்மா சொன்னேன். முதல் நாள் அரைச்ச தூள் உள்ளயே கொஞ்சம் தங்கி பழசாயிடும். சாயங்காலமே அஞ்சு கொட்டை போட்டு வச்சிடுங்க, காலையில அதை முதல்ல ஓட்டிக் கொட்டிட்டு அப்புறம் புதுசா அரைங்கன்னேன். ‘என் வீட்டுக்காரிக்கு முதல் வாய்ல ஒரு பழைய நெடி அடிக்குதாம், ஒரு தடவை சொன்னா, அப்புறம் சொல்லல, ஆனா முகத்தைத் திருப்பிக்கிட்டே குடிக்கிறா’ன்னு சொல்லித்தான் வந்தாரு.”

போனை வைத்தாள். அவள் அதைச் சொன்னதே அவளுக்கு நினைவில்லை. முகத்தைத் திருப்பியது வெறும் பழக்கம். அதற்குப் பதினோரு வருடம் ஒரு மனிதர் தினமும் ஐந்து கொட்டையை எண்ணிப் போட்டிருக்கிறார். இப்போதும் போடுகிறார். அவளோ கொட்ட வேண்டியதையும் சேர்த்து அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை மகன் வந்தான். எல்லாவற்றையும் கேட்டான். அவன் கண் கலங்கியது. ஆனாலும் படிவத்தை மேஜைமேல் வைத்தான்.

“அம்மா, அது கையோட பழக்கம்மா. கோழியை அறுத்த பிறகும் கொஞ்ச தூரம் ஓடும்ல, அந்த மாதிரி.”

“அப்பாவைக் கோழிங்கிறியா?”

“நான் எதைச் சொன்னாலும் தப்பாத்தான் படும். பழக்கம் வேற, ஆள் வேற. அதைத்தான் சொல்றேன்.”

அவளுக்கும் உள்ளூர அதே பயம்தான். இருபத்தாறு வருடம் நிறுத்தவள் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொல்ல மாட்டாள். “சரி, நிறுத்துப் பார்த்துடலாம்” என்றாள்.

அவர் படுக்கையறையில் இருக்கும்போதே கிரைண்டரில் ஐந்து கொட்டைகளைத் தானே போட்டு மூடினாள். வெறும் பழக்கம் என்றால் கை பாட்டுக்கு இன்னும் ஐந்தைப் போடும். உள்ளே ஆள் இருந்தால்? அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாற்காலியைத் தள்ளிவந்து மேடையோரம் விட்டுவிட்டு, குழாயைத் திறந்தாள். இருவரும் கதவிடுக்கில் நின்றார்கள். மகனின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

கை ஏறியது. அவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். கை தவழ்ந்தது. மூடியைத் தள்ளியது. டப்பாவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து கிரைண்டரின் வாயருகே கொண்டுபோனது.

நின்றது.

கொட்டையை மற்ற விரல்களில் இடுக்கிக்கொண்டு, சுட்டுவிரல் மட்டும் கிரைண்டரின் வாய்க்குள் இறங்கியது. அன்று கடையில் பற்களின் மேல் ஓடிய அதே விரல். உள்ளே அது எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பிறந்த மகனை அவர் முதன்முதலில் தொட்ட நேரம்கூட இவ்வளவு நீளமில்லை. விரல் வெளியே வந்தது. கொட்டை டப்பாவுக்கே திரும்பப் போயிற்று. டப்பா மூடி பெருமூச்சு விட்டு அமர்ந்தது.

இன்று கை மடிக்குத் திரும்பவில்லை. மேடையின் மேலேயே மெல்லப் புரண்டு, உள்ளங்கை மேலே தெரியும்படி, காத்துக்கொண்டு கிடந்தது. முகம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டிய வீட்டிலிருந்து, ஜன்னல் கம்பி வழியே, யாரோ கையை மட்டும் வெளியே நீட்டியது போல.

அவள் போனாள். பொடி நிறுக்கும்போது திருப்புவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தக் கையில் தன் கையை வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. குளிர்ந்த விரல்கள். விடுவிக்க முடியாத பிடி.

மகன் குழாயை நிறுத்தினான். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “அந்த இல்லத்துக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்” என்றான்.

மறுநாள் காலை அவள் கிரைண்டரை முதலில் ஒரு நொடி ஓடவிட்டாள். வந்த தூளைக் கொட்டினாள். பிறகு பதினெட்டு கிராம் போட்டாள். தராசு பதினெட்டு என்றது. முதல் வாய் குடித்தபோது அந்தப் பழைய நெடி இல்லை. ஏழு மாதம் அவளோடு இருந்து, இருக்கிறதென்றே தெரியாமல் போயிருந்த நெடி. கரண்டியால் ஒரு துளி அவர் உதட்டிலும் வைத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடியே விழுங்கினார்.

மாலையில் அலுமினிய டப்பாவை அவர் பக்கமாக ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். கதவை முழுதாகச் சாத்தித் தாழ்போட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது: டிக். டிக். டிக். டிக்.

சோப்பைக் கையில் பிடித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் ஐந்தாவதற்காகக் காத்திருந்தாள்.